வாயுப் பிடிப்பு என்று படுக்கவைக்காதீர்கள்

பாம்பன், தொண்டிப் பக்கம் நாற்பத்தைந்து வயதுப் பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பார்கள். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, இவளுக்கு எங்கே மாரடைப்பு என்ற நினைப்பு. கொழுப்பே இல்லாமலும் வரும்.

இதயத் தமனியின் சுவர் மூன்று அடுக்கு. உள் அடுக்கு தானாகக் கிழிந்து ரத்தம் இடையில் புகும். கிழிசலே இல்லாமல் சுவருக்குள் கசிந்து கட்டுவதும் உண்டு. உப்புக்காற்று ஏறிய வீட்டில் சுவர்ப்பூச்சு உப்பி நிற்குமே, அந்த மாதிரி. உப்பிய பக்கம் உள்வழியை நெரித்துவிடும். டாக்டர்கள் இதை ஸ்கேட் (SCAD), அதாவது இதயத் தமனி தானாகக் கிழிவது என்பார்கள்.

வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். கர்ப்ப காலத்திலும் பிள்ளை பெற்ற பிறகும் வரும் மாரடைப்புக்கு இதுதான் முதல் காரணம். பிரசவமான முதல் சில வாரங்கள் ரொம்பக் கவனம். தாங்க முடியாத துக்கமும், மூச்சை அடக்கிக் கனம் தூக்குவதும் கிளப்பிவிடலாம்.

வலி வந்தால் 108-ஐக் கூப்பிட்டு, கிட்டத்தில் எங்கே ஈசிஜி உண்டோ அங்கே போங்கள். முதல் ஈசிஜி சுத்தமாக இருக்கிறதென்று வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். வலி நிற்காவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். பிரசவ தேதியை அவர்கள் கேட்காமலே சொல்லுங்கள்.

ஆஞ்சியோவில் இது அடைப்பு மாதிரித் தெரியாது. குழாய் நெடுக வழுவழுப்பாக ஒடுங்கியிருக்கும், இயல்பாகவே மெலிந்த குழாய் என்று கண் ஏமாந்துவிடும். ஸ்டென்ட் வைக்கப் போனால் கம்பி உள்வழியை விட்டு, சுவர் அடுக்குகளுக்கு இடையில் உண்டான பொய்வழியில் நுழையலாம். பலூனை ஊதும்போது சுவருக்குள் கட்டிய ரத்தம் இன்னும் தள்ளிப் பரவலாம். அதனால் வலி அடங்கி, ரத்த ஓட்டமும் இருந்தால், மூன்று நாலு நாளாவது வார்டில் வைத்துக் கவனிப்பதே நல்ல வைத்தியம். பெரும்பாலும் சில மாதத்தில் தானே ஆறிவிடும். வலி ஓயாவிட்டாலோ, பிரஷர் இறங்கினாலோ, இடது முதன்மைக் குழாயிலேயே கிழிந்திருந்தாலோ, ஸ்டென்ட்டோ பைபாஸோ தவிர்க்க முடியாது.

ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி இதில் கிழிசலை நீட்டக்கூடும். அதற்காக வீட்டார் ஊசியைத் தடுக்கக் கூடாது. ஆஞ்சியோவுக்கு முன்னால் எந்த வகை என்று சொல்ல முடியாது; ஆஞ்சியோ வசதி தொலைவில் இருக்கும்போது, மற்ற மாரடைப்புகளில் உயிரைக் காப்பது அந்த ஊசிதான்.

திரும்பவும் வரக்கூடிய நோய் இது. துடிப்பையும் பிரஷரையும் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைச் சொந்த யோசனையில் நிறுத்தாதீர்கள். கழுத்து, சிறுநீரக ரத்தக்குழாய்களையும் ஒரு தடவை ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும். தண்ணீர்க் குடம், மீன் கூடை தூக்குவதை டாக்டர் சொல்லும்வரை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். அடுத்த குழந்தைக்கு முன் இதய டாக்டரிடம் பேசுங்கள். ஈசிஜி தாள் நாளாக மங்கிப்போகும்; நகல் எடுத்து, ஆஞ்சியோ சிடியோடு ஒரே பையில் வையுங்கள்.