ஈவ் ஒன்லைனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, தலவாக்கலையிலிருந்து

விண்வெளியில் கப்பல் ஓட்டுகிற ஒன்லைன் விளையாட்டான ஈவ் ஒன்லைன் கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எது கஷ்டம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவன் பட்டன் அதிகம் என்பான், இன்னொருவன் எக்செல் சீட்டைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பான். இணையத்தில் ரொம்ப காலமாகச் சுற்றுகிற ஒரு கேலிப்படம் உண்டு. மற்ற விளையாட்டுகளைப் பழகுகிற கோடெல்லாம் மெல்ல மேலே ஏறும், ஈவின் கோடு மட்டும் செங்குத்தாக எழும்பிப் பின்பக்கமாக வளைந்து தொங்கும், அதிலிருந்து ஆட்கள் விழுந்துகொண்டே இருப்பார்கள். சிரிப்பு வரும், ஆனால் அந்தப் படம் பாதிதான் சரி என்பது என் எண்ணம். பட்டன்களை நாலைந்து இரவில் பழகிவிடலாம். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் மேடு. அதை விளையாட்டு சொல்லித் தராது, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

இப்போது இதை எழுதக் காரணம் சித்தி மகன். ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்கிறான், என் பழைய லெப்டொப்பை எடுத்து அவனாகவே இறக்கிப் போட்டுக்கொண்டான். பயிற்சிப் பகுதியை முடித்துவிட்டு வெளியே வந்தவன், "அண்ணே, இப்ப நான் என்ன செய்யணும்?" என்றான். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான், அதற்கு அந்த விளையாட்டிடம் பதிலே கிடையாது. சுரங்கம் தோண்டலாம், வியாபாரம் செய்யலாம், சண்டை போடலாம், கொள்ளையடிக்கலாம், ஒன்றுமே செய்யாமல் விலைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். முடிவு என்று ஒன்று இல்லாத விளையாட்டில் முதல் நாள் கால் ஊன்ற இடமே இருக்காது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐஸ்லாந்தில் ரெய்க்யாவிக்கிலிருக்கிற சிசிபி என்ற கொம்பனி உருவாக்கிய விளையாட்டு இது, 2003 மே 6ஆம் திகதி வெளிவந்தது. சீனாவுக்கு மட்டும் தனி சேர்வர், மற்ற உலகம் முழுக்க லண்டனில் இருக்கிற ஒரே சேர்வரில், ஒரே பிரபஞ்சத்தில்தான் ஆடுகிறது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள். மற்ற விளையாட்டுகளில் புதியவரைப் புதியவரோடு மோத விடுவார்கள், இங்கே நேற்று வந்தவனும் இருபது வருடமாக ஆடுகிறவனும் மண்டலம் விட்டு மண்டலம் தாவுகிற ஒரே கேட்டில் சந்திப்பார்கள். மேடு செங்குத்தாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சரி, தம்பியோடு உட்கார்ந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அவன் நெபுலாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழகுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் பழையவர்கள் யாரும் விண்வெளியைப் பார்ப்பதில்லை, திரையின் வலது பக்கத்தில் இருக்கிற ஓவர்வியூ என்ற பட்டியலைத்தான் பார்ப்பார்கள். சுற்றி என்ன இருக்கிறது, எவ்வளவு தூரத்தில், என்ன வகை என்பதெல்லாம் அதில்தான் ஓடும். கொடுத்தபடியே விட்டால் விண்கற்கள், உடைந்த கப்பல், கேட், ஆளில்லாத பெட்டி எல்லாம் கலந்து வரும், நம்மைச் சுட வருகிறவன் அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ இருப்பான். நான் அவனுக்கு முதலில் செய்து கொடுத்தது ஒன்றே ஒன்று, பட்டியலைத் தூரப்படி அடுக்கி, சண்டைக்கு ஒரு டாப், பயணத்துக்கு ஒரு டாப் என்று பிரித்து, தேவையில்லாததை எல்லாம் மறைத்தேன். "இவ்வளவு நேரம் இதுக்குள்ளயா தேடினேன்?" என்றான். விளையாட்டு பாதி சுலபமாகிவிட்டது. இதைப் பயிற்சிப் பகுதியிலேயே ஏன் செய்துவைக்க மாட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்தது சண்டை. அவனிடம் இருந்தது ஃப்ரிகேட் என்ற சின்னக் கப்பல், எதிரே கணினி ஓட்டுகிற ஒரு பெரிய பேட்டில்ஷிப். பையன் பயந்துபோய்த் தூரத்தில் நின்று சுட்டான், இரண்டு அடியில் கவசம் போய்விட்டது. கிட்டப் போ என்றேன். நேராகப் போகாதே, சரிவாகப் போய் ஐந்நூறு மீட்டரில் சுற்று என்றேன். சுற்ற ஆரம்பித்ததும் அந்தப் பெரிய துப்பாக்கிகள் ஒன்றும் படவில்லை. காரணம் எளிது, பெரிய பீரங்கி மெதுவாகத்தான் திரும்பும், அதன் பார்வையில் நாம் எவ்வளவு வேகமாகக் கோணம் மாறுகிறோமோ அவ்வளவுக்கு அது தவறவிடும். தூரத்தில் நின்றாலும் நேரே பாய்ந்து வந்தாலும் கோணம் மாறாது, அதனால் குண்டு அப்படியே வந்து விழும். ஏவுகணைக்கு இந்தக் கணக்கு வேறு, அதற்கு நம் கப்பலின் பருமனும் வேகமும்தான் முக்கியம். டிரோன் வைத்திருக்கிறவனிடம் இந்தச் சுற்றல் வித்தையை நம்பிப் போகவும் கூடாது. ஆனாலும் இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் சின்னக் கப்பல் என்றால் பலவீனம் என்ற நினைப்பு போய்விடும். பயப்படத் தேவையில்லாததற்கு இது உதாரணம்.

பயப்பட வேண்டியது எங்கே என்றால், பாதுகாப்பான இடம் என்று எழுதியிருக்கும் இடத்தில். ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 1.0 முதல் 0.5 வரை பாதுகாப்புக் கூடிய ஹைசெக், 0.4 முதல் 0.1 வரை பாதுகாப்புக் குறைந்த லோசெக், அதற்குக் கீழே பாதுகாப்பே இல்லாத நல்செக். ஹைசெக்கில் கான்கார்ட் என்ற பொலிஸ் இருக்கிறது. புதியவர்கள் அதை நம்பி, சேர்த்த சொத்தையெல்லாம் ஒரே சரக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, ஓட்டோபைலட்டைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். கான்கார்ட் தடுக்க வராது, தண்டிக்கத்தான் வரும். அதுவும் 0.5 மண்டலத்தில் 1.0ஐ விட ஆறுதலாக வரும். கொள்ளைக்காரர்கள் மலிவான டெஸ்ட்ரோயர் கப்பல்களில் கூட்டமாக வந்து, தங்கள் கப்பல் போனாலும் பரவாயில்லை என்று சுடுவார்கள். உள்ளே என்ன சரக்கு என்று ஸ்கேன் செய்து, அதன் விலை தங்கள் நட்டத்தை விட அதிகமா என்று கணக்குப் பார்த்த பிறகுதான் சுடுவார்கள். அதனால் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதே நம் பாதுகாப்பு.

ஜிட்டா என்ற மண்டலம் முழு விளையாட்டுக்கும் சந்தை. அங்கே போய் இறங்கினால் சாட் பெட்டியில், காசு அனுப்பு, இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன் என்று வரிசையாக ஓடும். அது விளையாட்டின் விதிக்கு எதிரானதும் இல்லை, ஏமாற்றுவது அங்கே ஒரு தொழில். புதியவர்கள் ஆரம்பிக்கிற சில மண்டலங்களில் மட்டும் அவர்களைத் தொந்தரவு செய்யத் தடை இருக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே வந்துவிட்டால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கப்பல் போனால் என்ன ஆகும் என்ற பயமும் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. கப்பல் உடைந்ததும் ஒரு சின்னக் கூண்டில் மிதப்போம், உடனே எங்காவது வார்ப் செய்து, அதாவது ஒரே பாய்ச்சலில் வெகுதூரம் போய், தப்பிவிட வேண்டும். கூண்டும் போனால் சொந்த நிலையத்தில் வேறு உடம்பில் எழும்புவோம், தலையில் பொருத்தியிருந்த இம்பிளாண்ட் போகும், கற்ற திறமை போகாது. கையில் கப்பலே இல்லாமல் நிலையத்துக்குப் போனால் ஒரு சின்னக் கப்பல் சும்மா தருவார்கள். தம்பியை வேண்டுமென்றே இரண்டு மலிவுக் கப்பலோடு லோசெக்குக்கு அனுப்பினேன், போய் அடிவாங்கிக்கொண்டு வா என்று. முதல் தடவை கை நடுங்கியது, இரண்டாவது தடவை அடித்தவனிடமே சாட்டில் எப்படி என்னைக் கண்டுபிடித்தாய் என்று கேட்டான். அவனும் சுற்றியுள்ள கப்பல்களைத் தேடிக் காட்டுகிற டிஸ்கேனைப் பற்றி நீளமாக விளக்கினான், அது 14.3 ஏயூ (ஒரு ஏயூ என்றால் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம்) வரை காட்டும், சில விநாடிக்கு ஒருதடவை அழுத்திக்கொண்டே இரு என்று. அடித்தவனே வாத்தியாரான கதை இங்கே சகஜம்.

என் அம்மாச்சி கொழுந்து எடுக்கப் போன காலத்தில் கங்காணி மலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவாராம், எந்தக் கிளையை விட வேண்டும், கையை எப்படித் திருப்ப வேண்டும் என்பதைப் பக்கத்து நிரையில் நின்ற அக்காமார்தான் காட்டிக் கொடுத்தார்களாம். ஈவும் அப்படித்தான், பயிற்சிப் பகுதி கங்காணி மாதிரி.

இனி நம் ஊர்க் கதை. மலையகத்தில் இருந்துகொண்டு ஒன்லைனில் ஆட முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு, துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளை விட இது நமக்குத் தோதானது. ஈவின் சேர்வர் ஒரு விநாடிக்கு ஒருதடவைதான் கணக்குப் பார்க்கும், ஆகவே லண்டனுக்குப் போய்வர எடுக்கும் நேரம் அவ்வளவாகப் பாதிக்காது. சிக்னல் இரண்டு கோடு இருந்தாலும் ஓட்டலாம். லைன் அறுந்தாலும் வழி வைத்திருக்கிறார்கள், சண்டையில் இல்லாத நேரம் தொடர்பு போனால் கப்பல் தானாக வார்ப் செய்து ஒதுங்கி, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். வேறு ஆட்டக்காரரைச் சுட்டிருந்தால் கால் மணித்தியாலம் மறையாமல் நிற்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் ஆனால் இடி மின்னல், முதல் இடிக்கே அம்மா ரூட்டரின் பிளக்கைக் கழற்றிவிடுவார், அப்போது இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். மழை இருட்டுக் கட்டினால் சண்டைக்குப் போகாதே என்பதைத் தம்பிக்குத் தனிப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

திறமைகள் நிஜ நேரத்தில் ஏறும், நாம் உள்ளே இருக்கத் தேவையில்லை. 2022இல் ஒரு கட்டத்தில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, வீட்டில் மெழுகுதிரி, ஆனால் லண்டனில் என் ஆள் பாடம் படித்துக்கொண்டிருந்தான். இதில் புதியவர்கள் சிக்குகிற இடம், எல்லாவற்றையும் ஐந்தாம் நிலைவரை ஏற்ற நினைப்பது. ஒவ்வொரு நிலைக்கும் பலன் ஒரே அளவு, நேரம் மட்டும் ஐந்து மடங்குக்கு மேல் கூடும். மூன்று, நாலு வரை ஏற்றிவிட்டு அடுத்ததைப் பார்ப்பதே புத்தி. 2016 நவம்பரிலிருந்து ஆல்ஃபா என்ற இலவசக் கணக்கு இருக்கிறது, 50 லட்சம் திறமைப் புள்ளியோடு அதில் இலவசப் பயிற்சி நின்றுவிடும். ஆரம்பத்துக்கு அது தாராளம்.

காசு கட்டுகிற ஒமேகாவைப் பற்றி: அதே 2022 மே மாதம் மாதக் கட்டணம் 14.99 டொலரிலிருந்து 19.99 ஆனது. நம் ரூபாவும் அந்த வருடம்தான் விழுந்தது. வருடத் தொடக்கத்தில் மூவாயிரமாக இருந்தது ஏழாயிரத்தைத் தாண்டியது, தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலிக்கு, ஆயிரம் ரூபா இருந்த நேரம். நான் விட்டுவிட்டேன், இலவசத்திலேயே ஆடினேன். விளையாட்டுக்குள் சம்பாதித்து, கட்டணத்துக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய பிளெக்ஸ் என்ற பொருளை வாங்கிச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் புதியவர் அந்த வழியில் இறங்கினால் சம்பளமில்லாத இரண்டாவது வேலை ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான்.

எலீட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அது வேறு வகை மேடு, அங்கே கை பழக வேண்டும். சுழல்கிற நிலையத்தின் சின்ன வாசலுக்குள் கப்பலை நுழைப்பதே ஒரு வித்தை, அதற்கு முன் தரையிறங்க அனுமதி கேட்க மறந்தால் சுடுவார்கள். எரிபொருள் தீர்ந்து நடுவெளியில் நின்றுவிட்டால் மட்டும் பதற வேண்டாம், ஃப்யூவல் ராட்ஸ் என்று ஒரு தொண்டர் கூட்டம் இருக்கிறது, 2015இலிருந்து கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பறந்து வந்து எரிபொருள் ஊற்றிவிட்டுப் போகிறார்கள், காசும் வாங்குவதில்லை. அங்கேயும் கடைசியில் ஆள்தான்.

ஆகவே ஈவுக்கு வருகிறவர் முதல் வாரத்திலேயே ஒரு கோர்ப்பில், அதாவது ஆட்டக்காரர்களின் குழுவில், சேர்ந்துவிட வேண்டும். ஈவ் யூனிவர்சிட்டி என்று கற்றுக்கொடுப்பதற்கென்றே 2004இல் தொடங்கிய ஒன்று இருக்கிறது, அவர்களின் விக்கியை யாரும் வாசிக்கலாம், ஆங்கிலம்தான், ஆனால் படம் நிறைய. கோர்ப்பைத் தேடும்போது பெயரைப் பார்க்காமல் நேரத்தைப் பாருங்கள். ஐரோப்பாக்காரர்கள் கூடுகிற நேரம் நமக்கு நடு இரவு. நம் பின்னேரத்துக்கு அவுஸ்திரேலியாக்காரர் கூட்டம்தான் ஒத்துவரும். தினமும் பின்னேரம் 4.30க்கு சேர்வரைக் கொஞ்ச நேரம் மூடுவார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் பேச வராது, மைக்கில் என்ன சொல்வது என்பதுதான் தம்பியின் பெரிய தயக்கம். மைக் தேவையே இல்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும், நங்கூரம் (எல்லோரும் பின்தொடர வேண்டிய ஆள்) யார், யாரைச் சுட வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். யார் தயார் என்று கேட்டால் பிளீட் சாட்டில், அதாவது ஒன்றாகப் போகிற கப்பல் கூட்டத்தின் சாட்டில், எக்ஸ் என்ற ஒற்றை எழுத்தைத் தட்ட வேண்டும், வேலை முடிந்தது. அதைத் தட்டவே முதல் நாள் என் முகத்தைப் பார்த்தான். இப்போது சோறு போட்டு வைத்துக் கூப்பிட்டாலும் எழும்பி வருவதில்லை, சித்தி என்னைத்தான் ஏசுகிறார்.