கேஸ் எங்கே போகிறது? ரங்கூனில் என் கார் ஏசியின் கசிவைக் கண்டுபிடித்த அனுபவம்

ஏசி கூலிங் குறைந்தால் "கேஸ் போட்டால் சரியாகிவிடும்" என்பதுதான் ஒர்க்‌ஷாப்பில் முதலில் காதில் விழும் பேச்சு. என் டொயோட்டா ப்ரோபாக்ஸுக்கும் அப்படித்தான் போட்டார்கள். சில வாரம் ஜில்லென்று இருக்கும். அப்புறம் சிக்னலில் நிற்கும்போது அனல் வீசத் தொடங்கும். மறுபடியும் கேஸ், மறுபடியும் காசு. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாக ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் குறையலாம். வாரக்கணக்கில் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம்.

ஏப்ரலில் ரங்கூன் வெயில் 37 டிகிரியைத் தாண்டும். அதே மாதம்தான் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும். தெருவுக்குத் தெரு தண்ணீரை வாரி இறைப்பார்கள், கண்ணாடியை இறக்கவே முடியாது. வயதான அம்மாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஏசி இல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. தாம்வே பக்கம் ஏசி வேலை மட்டுமே பார்க்கும் நம் ஆள் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். "அண்ணே, திருவிழாவுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க" என்றேன். "கேஸ் போடுறது சின்ன வேலை தம்பி. எங்க போகுதுன்னு பாக்காம நான் போட மாட்டேன்" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

முதலில் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்கச் சொன்னார். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் கிளட்ச் டக் டக்கென்று சீக்கிரம் சீக்கிரமாகச் சேர்ந்து விலகியது. கேஸ் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அதனால் வரும் சத்தம் அது. பிறகு டார்ச் அடித்து எண்ணெய்க் கறை தேடினார். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய் கசிந்து அதில் தூசி ஒட்டிக் கறுத்துப்போய் இருக்கும். சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரின் அடி மூலை, ஹோஸ் இணைப்புகள், கம்ப்ரசரின் முன்பக்க சீல், கேஸ் ஏற்றும் வால்வின் ஊசி என்று வரிசையாகப் பார்த்து, சோப்பு நுரையும் தடவினார். எங்கும் கறையும் இல்லை, குமிழியும் இல்லை. முன்பு பார்த்தவர்கள் இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தார்கள்.

சரி என்று, கொஞ்சம் கேஸோடு, யூவி (புற ஊதா) ஒளி பட்டால் மின்னும் சாயத்தை ஏற்றி, சில நாள் ஓட்டிவிட்டு இருட்டிய பிறகு வரச் சொன்னார். யூவி டார்ச் அடித்தபோது பானட்டுக்குள் எதுவும் ஒளிரவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து, ஏசித் தண்ணீர் சொட்டும் ரப்பர் குழாயின் வாயில் அடித்தார். அந்த விளிம்பைச் சுற்றிப் பச்சையும் மஞ்சளுமாக ஒரு வளையம் மின்னியது. அந்தத் தண்ணீர் சொட்டுவது, காற்றைக் குளிரவைக்கும் எவாப்பரேட்டரிலிருந்து. கசிவு டேஷ்போர்டுக்குள் இருக்கும் அந்த எவாப்பரேட்டரில்! ஆனாலும் அவர் அதை மட்டும் நம்பவில்லை. ஏசிக் காற்றைத் தள்ளும் ப்ளோவரை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, கேஸை மோப்பம் பிடிக்கும் மீட்டரின் முனையை அந்தக் குழாய்க்குள் நுழைத்தார். இந்த ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் காற்றைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். மீட்டர் விடாமல் கத்தியது.

ப்ரோபாக்ஸ் ஜப்பானிலிருந்து வந்த வலப்பக்க ஸ்டியரிங் வண்டி. பர்மாவில் 1970 முதல் சாலையின் வலப்புறம் ஓட்டினாலும், இப்படிப்பட்ட பழைய ஜப்பான் வண்டிகள் இங்கே ஏராளம். எவாப்பரேட்டர் இடப்பக்கம், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. மிச்சக் கேஸை மெஷினில் இழுத்துக்கொண்ட பிறகு கழற்றினார்கள். தகடுகளுக்கு இடையில் மக்கிப்போன இலைத் துணுக்கும் சேறும் அப்பியிருந்தன. என் வண்டியில் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரே இல்லை. எப்போதும் ஈரமாக இருக்கும் அந்தக் குப்பை அலுமினியத்தை அரித்திருந்தது. குழாய்களை அடைத்து, நைட்ரஜன் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரு மூலையிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. இவ்வளவு காலம் போன காசெல்லாம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

பழைய சாமான் கடையில் கழற்றிய எவாப்பரேட்டர் மலிவாகக் கிடைக்கும். அதிலும் இதே அரிப்பு இருக்கலாம் என்பதால் புதிதே வாங்கினேன். கூடவே இணைப்புகளில் போடும் ரப்பர் வளையமான ஓ-ரிங் எல்லாமும், ஈரம் உறிஞ்சும் டிரையரும் புதிது. டிரையரை முன்கூட்டியே பிரித்து வைக்கக் கூடாது. வெளிக்காற்றின் ஈரத்தையே குடித்து வீணாகிவிடும். கடைசியில்தான் மூடியைத் திறந்தார்.

மாட்டி முடித்ததும் நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு ஏற்றி வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனோம். திரும்பி வந்தபோது அழுத்தம் காட்டும் கேஜின் முள் அசையாமல் அதே இடத்தில் நின்றது. பிறகு நைட்ரஜனை வெளியே விட்டு, பம்பால் உள்ளே இருப்பதையெல்லாம் உறிஞ்சி வாக்குவம் போட்டார். பாதியில் கரண்ட் போனது. பம்ப் நின்றதும் அவர் கை முதலில் போனது கேஜின் வால்வுக்கு. அதைத் திறந்தே விட்டால் பம்பு வழியாகக் காற்றும் எண்ணெயும் உள்ளே ஏறிவிடும். ஜெனரேட்டரைப் போட்டுத் தொடர்ந்தார். உள்ளே அழுத்தம் குறையும்போது மிஞ்சிய ஈரம் கொதித்து ஆவியாக வெளியேறும்; அவசரப்பட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வாக்குவம் குறையாமல் நிற்பதை மட்டும் பார்த்து கசிவு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்றும் சொன்னார். வாக்குவத்தில் தாங்கும் சீல், ஓடும்போது 200 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் வந்தால் விட்டுக்கொடுக்கலாம். அதனால்தான் நைட்ரஜன் சோதனையை முதலிலேயே செய்தார்.

பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ, அதைத் தராசில் எடைபோட்டு ஏற்றினார். கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுவதை நான் இனி ஒத்துக்கொள்ள மாட்டேன். வண்டி ஓடும்போது காற்று வரும் வாயில் வைத்த தெர்மாமீட்டர் 8 டிகிரி காட்டியது. திருவிழா நாட்களில் அம்மா சால்வை கேட்டார்.

ஏறிய கேஸின் எடையைப் பில்லில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். இனி கூலிங் குறைந்தால் இருப்பதை மெஷினில் இழுத்து எடைபோட்டாலே, எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.