மேட்டிங்கிலிருந்து டர்ஃபுக்குப் போகும் ஆல்ரவுண்டர்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மேட்டிங் விக்கெட்டில் (பாய் விரித்த ஆடுகளம்) கிரிக்கெட் ஆடி வளர்ந்த ஆல்ரவுண்டர் பையன், டர்ஃபுக்கு (மண், புல் ஆடுகளம்) போனதும் முதலில் தடுமாறுவது பேட்டிங்கில்தான். மேட்டிங்கில் பந்து நன்றாக எழும்பும். பின்காலிலேயே ஆடிப் பழகிவிடுவான். டர்ஃபில் அதே லெங்தில் (பந்து குத்தும் இடம்) விழும் பந்து தாழ்ந்து வரும், காலில் பட்டு எல்பிடபிள்யூ! முன்காலை நீட்டி, பேடுக்கு ஒட்டியே பேட்டைக் கொண்டுவரப் பழக்குங்கள்.

ரப்பர் ஷூவை விட்டு ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஷூ) போட்டால் பந்துவீச ஓடிவரும் ரன்-அப்பும் மாறும். புதிதாக அளந்து குறியுங்கள்.

நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று: 15 வயதுப் பையனைத் தினமும் வேகமாக வீச விடாதீர்கள். ஒரு ஸ்பெல்லுக்கு (ஒரே மூச்சில் வீசும் சுற்று) 5 ஓவர் போதும், மறுநாள் ஓய்வு. வளரும் வயதில் கீழ்முதுகெலும்பில் விரிசல் விழுந்தால் பல மாதங்கள் போய்விடும். அணித் தேர்வுக்கான ஆட்டம் நெருங்கினாலும் சரி, முதுகு வலித்தால் வீசுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.