வன்தட்டைக் காணவில்லை

தூக்கம் வராமல் நேற்றிரவு மறுபடியும் 1988 லண்டன் வெம்பிளி அரங்கக் காணொளியைப் பார்த்தேன். நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாள் கச்சேரி. அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் மேடையேறும் நேரத்தில், அவருடைய மின்னிசைக் கருவிக்கான இசையைச் சேமித்து வைத்திருந்த வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்) காணவில்லை. மனிதர் மனமுடைந்து கிளம்பிவிட்டார். அந்த இடைவெளியை அடைக்க, ஏற்கெனவே பாடி முடித்திருந்த அமெரிக்கப் பாடகி டிரேசி சாப்மனை மீண்டும் அழைத்தார்கள்.

டிரேசிக்கு அப்போது வயது 24. முதல் ஆல்பம் வந்து இரண்டு மாதம்தான். கல்லூரி நாட்களில் ஹார்வர்ட் சதுக்கத்தில் தெருவோரம் நின்று சொந்தப் பாட்டைப் பாடிய பெண். பக்கவாத்தியம் கிடையாது, ஒரு மைக், ஒரு கிட்டார், எதிரே கடல்போலக் கூட்டம். குரலில் துளிகூட அவசரம் இல்லை! எனக்கோ நாலு பேர் முன்னால் சுருதி சேர்க்கவே கை நடுங்கும்.

காலையில் என் கிட்டாரைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்தேன். இரண்டு கம்பிகள் துருப்பிடித்திருக்கின்றன.