டிக் சத்தம்: டிசம்பர் குறிப்புகள்

நவம்பர் 29, 2023, புதன்

பள்ளிக்கரணைத் தம்பியின் கிட்டாருக்கு ஒரு ட்ரெமொலோ பெட்டி, அதாவது காலால் மிதித்தால் சத்தம் சீராக ஏறி இறங்கும் பெடல். டிசம்பர் 24ஆம் தேதி கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குள் வேண்டுமாம். சரி என்று சொல்லியாயிற்று.

ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) வைத்துக் கட்டும் வகை வேண்டாம். 1968இல் எலக்ட்ரானிக்ஸ் ஆஸ்திரேலியா பத்திரிகையில் வந்த சர்க்யூட்டை இன்றைக்கும் பலர் கட்டுகிறார்கள், சத்தமும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு வழக்கமாகக் கேட்கும் 2என்5457 உற்பத்தி நின்றுபோன சரக்கு. அந்தப் பெயரை அச்சடித்து விற்பதில் எது அசல் என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். எல்இடியும் எல்டிஆரும் (வெளிச்சத்துக்கு ஏற்ப ஓம் மாறும் ரெசிஸ்டர்) போதும். வெளிச்சம் ஏறினால் எல்டிஆரின் ஓம் இறங்கும், சத்தம் அடங்கும். வெளிச்சம் இறங்கினால் சத்தம் எழும். எல்டிஆர் கொஞ்சம் மந்தம். விளக்கு அணைந்த பிறகும் நிதானமாகத்தான் பழைய ஓமுக்குத் திரும்பும். அந்த மந்தம்தான் காதுக்கு இதம். 1960களின் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களில் நியான் விளக்கையும் எல்டிஆரையும் ஒரே குழலில் அடைத்து இதையேதான் செய்தார்கள்.

டிசம்பர் 1, வெள்ளி

ரிச்சி தெரு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தை. மீரான் சாகிப் தெரு முனையில் கணுக்கால் தண்ணீர்.

ஆடியோவுக்கு டிஎல்072 ஐசி, ஆசிலேட்டருக்கு (எல்இடியை ஏற்றி இறக்கும் அலையைத் தரும் பகுதி) டிஎல்062. இரண்டும் ஒரே கால் அமைப்பு, ஆனால் 072 உள்ளிருக்கும் இரண்டு ஆம்ப்பில் ஒவ்வொன்றுக்கும் 1.4 மில்லி ஆம்பியர் குடிக்கும், 062 0.2தான். ஆசிலேட்டர் எவ்வளவு குறைவாகக் குடிக்கிறதோ அவ்வளவு நல்லது. 8 பின் ஐசி பேஸ், பிசி547 டிரான்சிஸ்டர், ஜிஎல்5528 எல்டிஆர் ஒரு கைப்பிடி (ஒரே பாக்கெட்டில் இருந்தாலும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது), மங்கலான பழைய வகைச் சிவப்பு எல்இடி, 1என்5817 டையோடு, டாட் போர்டு.

1 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர் பாலியெஸ்டரில்தான் வேண்டும். ஆசிலேட்டரில் அதன் இரு கால்களுக்கும் இடையே பிளஸ் மைனஸ் மாறிக்கொண்டே இருக்கும், சாதா எலக்ட்ரோலிட்டிக் அங்கே ஆகாது. கிடைக்காவிட்டால் 2.2 எம்எஃப்டி இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்து வைத்தால் 1.1 வரும், சமாளிக்கலாம்.

ஸ்பீடுக்கு 500 கே (கிலோ ஓம்) பாட், அதாவது திருகு குமிழ், ரிவர்ஸ் லாக் வகையில் கேட்டால், "அப்படி ஒண்ணு வர்றதே இல்ல சார்." லாக் வாங்கி வந்தாயிற்று. பிறகு பார்க்கலாம்.

டிசம்பர் 2, சனி

பிரெட்போர்டில் ஆசிலேட்டர் மட்டும். 062-இன் முதல் பாதி இன்டக்ரேட்டர் (வோல்ட்டை மெல்ல ஏற்றி இறக்குவது): 1, 2 கால்களுக்கு நடுவே 1 எம்எஃப்டி, 3ஆம் கால் பாதி வோல்ட்டுக்கு (9இல் பாதி, 4.5). இரண்டாம் பாதி ஷ்மிட் (எல்லை தொட்டதும் சட்டென்று புரள்வது): 1இலிருந்து 47 கே 5க்கு, 7இலிருந்து 100 கே அதே 5க்கு, 6ஆம் கால் பாதி வோல்ட்டுக்கு. 7இலிருந்து 47 கேயும் 500 கே பாட்டும் தொடராக வந்து 2இல் சேரும். 1இல் முக்கோண அலை, 7இல் சதுர அலை.

வேகம்: 100ஐ (4 × 47 × ஓம் × எம்எஃப்டி) ஆல் வகுக்க வேண்டும், ஓம் மெகாவில். பாட் முழுக்கத் திறந்தால் 0.97 ஹெர்ட்ஸ், மூடினால் 11.3. 120 பிபிஎம் பாட்டுக்கு அடிக்கு ஒரு அசைவு என்றால் 2 ஹெர்ட்ஸ், அடிக்கு இரண்டு என்றால் 4, மூன்று என்றால் 6. எல்லாம் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். 11க்கு மேலே எவனும் வாசிக்கப்போவதில்லை.

பள்ளிக்கரணைக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

காலையிலிருந்து விடாத மழை. எல்இடி-எல்டிஆர் ஜோடி செய்யும் வேலை.

எல்இடியின் குமிழை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கி, எல்டிஆரின் முகத்தோடு முகம் ஒட்ட வைத்து, 6 மிமீ கறுப்பு ஸ்லீவ் 20 மிமீ நீளத்துக்கு. சூடு காட்டியதும் இரண்டு முனைகளையும் மூக்குக் குறட்டால் நசுக்க வேண்டும், ஸ்லீவ் ஆறுவதற்குள். அதன்மேல் இன்னொரு ஸ்லீவ். எல்டிஆரின் பின்பக்கம் வெள்ளைப் பீங்கான், வெளிச்சத்தை உள்ளே விடும். முகத்தை மட்டும் மூடினால் போதாது.

சோதனை: மீட்டரை எல்டிஆர் கால்களில் வைத்து, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, கையால் மூடித் திறக்க வேண்டும். எண் அசைந்தால் எங்கோ கசிவு. கசிந்தால் டியூப் லைட்டின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பும் கிட்டார் சத்தத்தோடு சேர்ந்து வரும். வெளிச்சத்தில் கிடந்த எல்டிஆரை உடனே அளக்கவும் கூடாது. கொஞ்ச நேரம் இருட்டில் கிடந்தால்தான் மெகா ஓமைத் தொடும்.

டிசம்பர் 4, திங்கள்

மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. போர்டு, பாகங்கள் எல்லாம் பரண்மேல்.

டிசம்பர் 5, செவ்வாய்

கரண்ட் இல்லை.

மெழுகுவத்தியில் காகித வேலை. டாட் போர்டில் எது எங்கே என்பது இப்போதே தீர்ந்துவிட்டால் பின்னால் நிம்மதி. ஆடியோ இடப்பக்கம், ஆசிலேட்டர் வலப்பக்கம், நடுவில் ஜோடி. எர்த் இரண்டு தனிக் கம்பிகளாகப் போய் பவர் நுழையும் இடத்தில் மட்டும் சேர வேண்டும். பாதி வோல்ட்டும் இரண்டு தனித்தனியாக: ஒவ்வொன்றுக்கும் 10 கே இரண்டு, 100 எம்எஃப்டி ஒன்று. இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று படம் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆசிலேட்டரின் டிக் டிக் சத்தம் கேட்காதோ என்னவோ.

1940களில் டிஆர்மண்ட் கம்பெனி விற்ற ட்ரெமொலோவில் ஐசியும் இல்லை, டிரான்சிஸ்டரும் இல்லை. ஒரு மோட்டார், மின்சாரம் கடத்தும் திரவம் அடைத்த சின்னக் குப்பி. குப்பி ஆட ஆட திரவம் தொடுமுனையில் பட்டு விலகும், சத்தம் ஏறி இறங்கும். ஊர் முழுக்கத் தண்ணீராக இருக்கும்போது இது ஏன் ஞாபகம் வர வேண்டும்.

அவனுடைய கிட்டார் அங்கே கீழ்த்தளத்தில்.

டிசம்பர் 6, புதன்

ஃபோன் இல்லை.

டிசம்பர் 7, வியாழன்

கரண்ட் வந்தது. ஃபோனும் வந்தது: கிட்டார் நனையவில்லை, கட்டில்மேல் ஏற்றி வைத்திருந்தார்களாம். "அண்ணே, 24 நிச்சயம்தானே?" என்கிறான்.

ஆடியோ பக்கம் சால்டர். உள்ளே வர 104 (0.1 எம்எஃப்டி), பிறகு 072-இன் 3ஆம் கால், அங்கிருந்து 1 மெகா பாதி வோல்ட்டுக்கு. 1, 2 சேர்த்து பஃபர். 1இலிருந்து 10 கே, அதன் மறுமுனை 5ஆம் காலுக்கு. அதே முனையிலிருந்து டெப்த் (ஆழம்) பாட் 50 கே, அதைத் தாண்டி எல்டிஆர், எல்டிஆரின் கடைசிக் கால் பாதி வோல்ட்டுக்கு. எர்த்துக்கு அல்ல! எர்த்தில் வைத்தால் 4.5 வோல்ட்டும் சேர்ந்து ஏறி இறங்கி ஸ்பீக்கர் கோன் முன்னும் பின்னும் தள்ளும். கிட்டார் வாசிக்காதபோதும் தொப் தொப்பென்று கேட்கும்.

7க்கும் 6க்கும் நடுவே 47 கே பாட், 6இலிருந்து 22 கேயும் 10 எம்எஃப்டியும் எர்த்துக்கு. மூன்று மடங்கு வரை, அதாவது 10 டெசிபெல் ஏற்றலாம். ட்ரெமொலோ போட்டால் சத்தம் குறைந்ததுபோல் தோன்றும், பாதி நேரம் அடங்கியே இருப்பதால். இதை ஈடுகட்ட வழி வைக்காத பெட்டியை யாரும் இரண்டாவது முறை மிதிக்க மாட்டார்கள்.

காற்றில் ஈரம். ஃபிளக்ஸ் பிசுக்கு ஈரம் குடித்தால் 1 மெகா இருக்கும் இடத்தில் கசிந்து வோல்ட்டை இழுத்துவிடும். ஐசோப்ரொப்பைல், பழைய டூத் பிரஷ்.

டிசம்பர் 8, வெள்ளி

ஓடுகிறது. ஆனால் சத்தம் முழுதாக எழும்பவே இல்லை. ஆழத்திலேயே கிடந்து நெளிகிறது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பிசி547 வழியாக எல்இடியை எரிக்கும் முக்கோண அலை சுமார் 3.1 முதல் 5.9 வோல்ட் வரை. பிசி547-க்கு 0.65, சிவப்பு எல்இடிக்கு 1.8. கீழே இறங்கும்போதும் 0.65 வோல்ட் மிச்சம், 1 கே வழியாக 0.65 மில்லி ஆம்பியர். எல்இடி அணையவே அணையாது. மூடிய குழலுக்குள் அந்த மினுக்கலே எல்டிஆரை சில கேக்களில் பிடித்து வைக்கப் போதும். தொடரில் 1என்4148 டையோடு ஒன்று சேர்த்தால் சுற்றின் கீழ்முனையைத் தொட்டுத்தான் அணையும், இரண்டு சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருட்டு.

பளிச்சென்ற புதுப் பச்சை எல்இடி 3 வோல்ட் கேட்கும், அதிலும் ஐந்தில் ஒரு பங்கு இருட்டு தானாகவே வரும். எல்டிஆருக்குப் பிடித்த நிறமும் பச்சைதான், 540 நானோமீட்டர் பக்கம். ஆனால் நிறத்தைவிட அணையும் நேரம்தான் முக்கியம்.

டிசம்பர் 9, சனி

இப்போது எழுகிறது. இப்போது டிக் கேட்கிறது.

டிசம்பர் 11, திங்கள்

டிக். டிக். டிக். ஸ்பீடோடு சேர்ந்து. கிட்டார் வாசிக்கும்போது மறைந்துவிடுகிறது, வாசிப்பு நின்றதும் கடிகாரம். பூசையில் ஜெபத்துக்கு நிறுத்தும் இடங்கள் எத்தனை!

தேடும் முறை இதுதான். இன்புட்டை எர்த்தோடு குறுக்கிப் பார்க்க வேண்டும். டிக் போனால், கம்பி வழியாக இன்புட்டுக்குத் தாவுகிறது. போகாவிட்டால் பவரிலோ எர்த்திலோ. பிறகு ஆசிலேட்டருக்கு மட்டும் தனி பேட்டரி, எர்த் மட்டும் பொது. அப்போது போனால் பவர் லைன்.

குறுக்கினால் பாதி குறைகிறது. ஆக இரண்டும்.

டிசம்பர் 12, செவ்வாய்

பவர் வழி: ஆசிலேட்டருக்குப் போகும் பிளஸில் 100 ஓம், அதன்பின் 100 எம்எஃப்டி. டிக் என்பது கூர்மையான விளிம்பு, இந்த அளவு வடிகட்டினாலே மழுங்கிவிடும்.

கம்பி வழி: ஸ்பீடு பாட்டுக்குப் போகும் கம்பியில் சதுர அலை, பக்கத்திலேயே 1 மெகா இன்புட் கம்பி. இன்புட்டுக்கு ஷீல்டு கம்பி, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த். ஸ்பீடு கம்பி பெட்டியின் எதிர்ச் சுவரோரம்.

குறைந்தது. போகவில்லை. ராத்திரி மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் கேட்கிறது.

டிசம்பர் 13, புதன்

இன்னும்.

டிசம்பர் 14, வியாழன்

வேகம் காட்டும் எல்இடி! அது 7ஆம் காலின் சதுர அலையில் தொங்குகிறது. ஒவ்வொரு விளிம்பிலும் பல மில்லி ஆம்பியர் சட்டென்று ஏறி இறங்கினால் எர்த் கம்பி என்ன செய்யும். அதைக் கழற்றி ஜோடிக்குள் இருக்கும் எல்இடியோடு தொடரில் போட்டால் முக்கோண அலையிலேயே மெல்ல எரிந்து மெல்ல அணையும். இரண்டு சிவப்பு சேர்ந்து 3.6, டிரான்சிஸ்டரோடு 4.25. சுற்றில் 40 சதவீதம் இருட்டு. 4148கள் இனித் தேவையில்லை. 1 கேயை 680 ஓமாக்கினால் உச்சியில் 2.4 மில்லி ஆம்பியர்.

டிக் இல்லை. காதை ஸ்பீக்கரில் ஒட்டினாலும் இல்லை.

டிசம்பர் 16, சனி

ஸ்பீடு பாட். லாக் பாட்டை வழக்கமான திசையில் கட்டினால் முக்கால்வாசி திருப்பு வரை ஆமை, கடைசிக் கீற்றில் எல்லா வேகமும் நெருக்கியடிக்கும். கால்களைத் தலைகீழாகக் கட்டினால் சுழற்சி முழுக்கச் சீராகப் பரவும், ஆனால் இடப்பக்கம் வேகம், வலப்பக்கம் நிதானம். அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

8 ஹெர்ட்ஸுக்கு மேலே ஆழம் குறைகிறது, எல்டிஆர் இருட்டுக்குத் திரும்ப அவகாசம் இல்லை. 10 கேயை 4.7 ஆக்கினால் கொஞ்சம் சீக்கிரம் எழும், ஆனால் அடியில் அவ்வளவு ஆழம் போகாது. 10 கேயே இருக்கட்டும்.

டிசம்பர் 17, ஞாயிறு

மார்கழி ஒன்று. விடியுமுன் கோயில் ஸ்பீக்கர்.

புது உறுமல். பெட்டியில் இல்லை, ஃபேன் ரெகுலேட்டரில். வழுவழுவென்று சுழலும் டிரையாக் வகை ரெகுலேட்டர் கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப்பில் நேராகப் பாடுகிறது. படிப்படியாகக் 'கடக்' என்று நிற்கும் கெப்பாசிட்டர் வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு மணி நேரம் போயிற்று.

டிசம்பர் 19, செவ்வாய்

அலுமினிய வார்ப்புப் பெட்டி, 1590பி அளவு: 112க்கு 60க்கு 31 மிமீ. பேட்டரியும் போர்டும் சேர்ந்து அடங்காது என்று வாங்கும்போதே தெரியும், அதைவிடப் பெரிய 125பி கிடைக்கவில்லை. போர்டைக் குறுக்காக நிறுத்தி, பாட்களின் முதுகில் இன்சுலேஷன் டேப். ஃபுட் சுவிட்சுக்கு 12 மிமீ ஓட்டை: முதலில் 3 மிமீ, பிறகு படிப்படியாக. ஒரேயடியாகப் போட்டால் துரப்பணம் பெட்டியைச் சுழற்றிக்கொண்டு போகும்.

டிசம்பர் 20, புதன்

அடாப்டர் பயம். பெடல்களுக்கு நடுப்பின் மைனஸ், 9 வோல்ட். அங்கே மேடையில் இருப்பது யமஹா கீபோர்டின் 12 வோல்ட், நடுவில் பிளஸ். எவனாவது செருகுவான். 1என்5817 பிளஸில் தொடராக இருப்பதால் ஒன்றும் எரியாது, ஓடவும் ஓடாது. பெட்டியின் பக்கத்தில் பெயின்ட் மார்க்கரில் எழுதியாயிற்று.

பேட்டரி எவ்வளவு நாள்? மொத்தமே 5 மில்லி ஆம்பியர்தான். ஆனால் 7.5 வோல்ட்டுக்கு இறங்கினால் முக்கோணத்தின் உச்சி 4.8 பக்கம், எல்இடி கேட்பதோ 4.25. சத்தம் கெடுவதற்கு முன்பே ஆழம் வற்றிவிடும். ஆழம் குறைந்தால் பேட்டரி மாற்று என்று சொல்ல வேண்டும்.

டிசம்பர் 22, வெள்ளி

மிதித்தால் 'டப்'. இன்புட்டிலும் அவுட்புட்டிலும் எர்த்துக்கு 1 மெகா ஒவ்வொன்று, கெப்பாசிட்டரின் வெளிப்பக்கம். போய்விட்டது.

சுவிட்சின் ஒன்பது கால்களுக்கு 25 வாட் இரும்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வினாடி, நடுவே ஆறவிட்டு. அதிகம் காய்ச்சினால் உள்ளே பிளாஸ்டிக் இளகி நடுத்தகடு சாய்ந்துவிடும், மீட்டரில் சரியாகக் காட்டும், மேடையில் காலை வாரும்.

டிசம்பர் 23, சனி

ஒத்திகைக்குக் கொடுத்தனுப்பியாயிற்று. ஏழரைக்கு ஃபோன்: பேட்டரியில் சுத்தம், அங்கே உள்ள 9 வோல்ட் அடாப்டரில் மட்டும் கீச்சென்கிறதாம். ஸ்விட்சிங் அடாப்டர், அதே ஒயரில் மிக்சரும் தொங்குகிறது. பேட்டரியிலேயே விடச் சொன்னேன். 1என்5817-க்குப் பின்னால் 47 ஓமும் 220 எம்எஃப்டியும் போட்டால் அடங்கலாம், ஆனால் 1590பியில் 220க்கு இடம் இல்லை.