சிமிலாவுன் ஒரு நாள் நடை: என் திட்டத் தாள் திரும்பி வந்த கதை

ஆஸ்திரியாவில் படிக்க வந்த இரண்டாவது கோடையில், எட்ஸ்டால் பள்ளத்தாக்கின் மேல்கோடி ஊர்களில் ஒன்றான ஃபெண்டுக்கு மேலே ஆறு நாள் பனியாற்றுப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். அதன் முடிவில் தேர்வு உண்டு. முந்தின நாள் மாலை, மறுநாள் நடைக்கான திட்டத்தை ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, பயிற்சியாளர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். விடிந்ததும் அந்தத் தாளை வைத்துக் குழுவை நடத்த வேண்டும். முடிச்சுகளையும் பனியாற்றுப் பிளவில் விழுந்தவரை இழுத்தெடுப்பதையும் எல்லாரும் விழுந்து விழுந்து பழகினோம். தாளை யாரும் மதிக்கவில்லை. என் தாள் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தது.

எனக்குக் கிடைத்த உச்சி சிமிலாவுன், ஏறக்குறைய 3,600 மீட்டர். இரவு தங்கியது 2,501 மீட்டரில் உள்ள மார்ட்டின் புஷ் குடிலில். வழி சுமார் 7 கிலோமீட்டர். நடுவில் 3,019 மீட்டரில் சிமிலாவுன் குடில். அதற்குமேல் நீடர்யோக் பனியாறு, பிறகு மேற்கு முகடு. நான் போட்டது சமவெளிக் கணக்கு: மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது, மலை என்பதால் இன்னும் ஒரு மணி சேர்த்துக்கொள்வோம், 7 மணிக்குக் கிளம்பினால் 10 மணிக்கு உச்சி.

பயிற்சியாளர் பென்சிலை எடுத்தார். ஆல்ப்ஸில் வழக்கமான கணக்கு இது: ஏற்றம் மணிக்கு 300 மீட்டர், இறக்கம் 500 மீட்டர், தூரம் 4 கிலோமீட்டர். உயரத்துக்கு ஆகும் நேரம், தூரத்துக்கு ஆகும் நேரம் இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, பெரியதை முழுசாகவும் சின்னதைப் பாதியாகவும் கூட்ட வேண்டும். 1,100 மீட்டர் ஏற 3 மணி 40 நிமிடம்; தூரத்துக்கு 1 மணி 45 நிமிடம், அதில் பாதி 50 நிமிடம்; ஆக நாலரை மணி நேரம். கயிறு கட்ட, காலணிக்கு அடியில் கிராம்பான் என்ற இரும்பு முட்களை மாட்ட, தண்ணீர் குடிக்க முக்கால் மணி. 7 மணிக்குக் கிளம்பினால் உச்சியைத் தொடும்போது 12:15. “திரும்பி வரும்போது பனிப்பாலங்கள் எப்படி இருக்கும்?” என்று கேட்டார், பிளவுகளை மேலே மூடியிருக்கும் பனியைத்தான் சொன்னார். பதில் எனக்கே தெரிந்தது. காலையில் கல்லாக இருக்கும் பனி மதியம் கஞ்சியாகிவிடும்.

அதனால் நேரத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். மதியத்துக்கு முன் பனியாற்றைவிட்டு இறங்கியிருக்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். கிளம்பும் நேரம் தானாக வந்து நிற்கும். எனக்கு 4:30 வந்தது. சிமிலாவுன் குடில் வரை நல்ல தடம் இருப்பதால் தலைவிளக்கோடு நடக்கலாம். முந்தின இரவு வானத்தையும் பாருங்கள். நட்சத்திரம் தெரிந்தால் பனி இறுகும். மேகம் மூடினால் போர்வை போர்த்தியது மாதிரிதான், சரியாக உறையாது. அன்றைக்குத் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது தப்பு வரைபடத்தில். ஐஸ் தொடங்கும் இடம் என்று அதில் நீலக்கோடு இருந்த இடத்தில் “இங்கே கயிறு” என்று எழுதியிருந்தேன். அவர் விரல் வரைபடத்தின் மூலைக்குப் போனது. அச்சிட்ட ஆண்டு! அதற்குப் பின் ஐஸ் வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. நீலம் காட்டும் இடத்தில் இப்போது கல்லும் சேறும். இதே மலைத்தொடரில், பக்கத்து டீசன் கணவாயில்தான் 1991 செப்டம்பர் 19 அன்று எட்சி என்கிற பனி மனிதரைக் கண்டெடுத்தார்கள். ஐயாயிரம் வருடத்துக்கும் மேலாக ஒருவரை மூடிவைத்திருந்த ஐஸே உருகி ஆளைக் காட்டிவிட்டது, அச்சடித்த தாள் எம்மாத்திரம்? ஐஸ் எங்கே தொடங்குகிறது, பிளவுகள் எங்கே திறந்திருக்கின்றன என்று குடில் நடத்துபவரிடம் கேளுங்கள். அன்று காலை போய் வந்தவர்கள் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனாலும் வரைபடத்தைத் தூக்கிப் போட வேண்டாம். உயரக்கோடுகள் எங்கே திடீரென்று நெருங்குகின்றன என்று பாருங்கள். பனியாறு அங்கே கவிழ்ந்து இறங்கும். மேல்பரப்பு இழுபட்டுப் பிளக்கும். பனியாறு வளைகிற இடத்தின் வெளிப்பக்கமும் அப்படித்தான். குழிவான இடங்களில் ஐஸ் நெருக்குண்டு கிடப்பதால் பிளவு குறைவு. வாய்மொழித் தேர்வில் என்னைக் காப்பாற்றியது இது ஒன்றுதான்.

கடைசிக் கேள்வி ஆட்களைப் பற்றி. நால்வர் பெயரையும் எழுதியிருந்தேன், அவ்வளவுதான். “இதில் மெதுவாக நடப்பவர் யார்?” ஒருவருக்கு முழங்கால் வலி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டரின் மூன்று தர மூன்று (3×3) முறையைப் படித்துவிட்டுப் போங்கள். நிலைமை, நிலம், ஆட்கள் என்ற மூன்றையும் வீட்டில் ஒருமுறை, இடத்துக்குப் போய் ஒருமுறை, ஒவ்வொரு சரிவிலும் ஒருமுறை பார்ப்பது. பனிச்சரிவுக்காக வந்த முறை, இங்கேயும் பொருந்தும். தாளை ராத்திரியே திருத்தினேன். மலை மீட்புக்கான 140 என்ற எண், உதவிக் குறியீடு (நிமிடத்துக்கு 6 முறை ஒலி அல்லது ஒளி, ஒரு நிமிடம் இடைவெளி), எந்த நேரத்துக்குமேல் ஏறாமல் திரும்புவது, எல்லாம் சேர்ந்தது.

மறுநாள் நான் முன்னால். நான்கு பேர், இடைவெளி பத்துப் பத்து மீட்டர், கயிறு தரையில் புரளாத இறுக்கம். மேலே ஓரிடத்தில் பனியில் மங்கலாக ஒரு கோடு. சுற்றிலும் காலடியில் நறநறத்த பனி, அந்த ஒரு முழ அகலம் மட்டும் லேசாகக் குழிந்து சாம்பல் பூத்திருந்தது. கம்பால் குத்தினேன், ஒரு சாண் போய் நின்றது. அரையடி தள்ளிக் குத்தினேன். கைப்பிடி வரை வழுக்கிக்கொண்டு போயிற்று, அடியில் தடுக்க ஒன்றுமே இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்; இங்கே ஆழம் இருப்பதே தெரியவில்லை. பின்னால் கை காட்டிவிட்டு, கெட்டியான இடம் தேடி, கோட்டைக் குறுக்காகத் தாண்டினோம். பிளவு ஓடும் திசையிலேயே நடந்தால் நால்வரும் ஒரே பாலத்தின் மேல் நிற்போம்.

ஒரு வேடிக்கை. சிமிலாவுன் குடில் நிற்கும் நீடர்யோக் கணவாய் வழியாகத்தான் இத்தாலிப் பக்கத்து ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கு மேய்ப்பர்கள் ஜூனில் ஆயிரக்கணக்கான ஆடுகளை ஃபெண்ட் பக்கம் ஓட்டி வந்து செப்டம்பரில் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். அவர்கள் தாளெல்லாம் எழுதுவதில்லை. தலைமுறை தலைமுறையாக மனப்பாடம்.

தேறிவிட்டேன். மதிப்பெண் போனது நான் நினைக்காத இடத்தில்: பிரூசிக் முடிச்சு, பாரம் விழுந்ததும் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும் முடிச்சு. வெறுங்கையில் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அன்று காற்றில், தடித்த கையுறையோடு மூன்று முறை நழுவிற்று. கழற்றிவிட்டுப் போட்டேன், அதற்குள் விரல் மரத்துவிட்டது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கையுறையோடு பழகுங்கள், முடிந்தால் கயிற்றை நனைத்துக்கொண்டு.