கோடையில் மெலியும், மழையில் சாகும்: இருபது மேச்சேரி ஆடுகளின் ஒரு வருடம்

சேலம், ஈரோடு பக்கம் செம்மறி வைத்திருப்பவர்கள் கோடைக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். காடு காய்ந்து ஆட்டுக்கு வயிறு ஒட்டிப்போவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால்தான். ஆனால் கோடையில் ஆடு மெலியும், அவ்வளவே. பட்டியில் விழுந்து சாவது மழைக்காலத்தில்தான். மழை வந்த பிறகு மருந்துக்கு ஓடுவதில் பயனில்லை. எல்லா வேலையும் அதற்கு முந்தைய மாதங்களில் முடிந்திருக்க வேண்டும்.

இருபது பெட்டை, ஒரு கிடா உள்ள பட்டியை வைத்துச் சொல்கிறேன். மேச்சேரி இனம் பெரும்பாலும் ஈத்துக்கு ஒரு குட்டிதான் போடும். அந்த ஒரு குட்டியைப் பிழைக்க வைப்பதில்தான் வரவு இருக்கிறது. ஆகவே வருடக் கணக்கைக் குட்டி விழும் மாதத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஆடியில் கிடா சேர்த்தால் மார்கழியில் குட்டி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தழைத்த கொழுக்கட்டைப்புல் அப்போது காட்டில் நிற்கும், தாய்க்குப் பால் ஊறும். கிடாவை வருடம் முழுக்க மந்தையோடு விட்டால் அடைமழையிலும் குட்டி விழும். நனைந்து விறைத்த குட்டி எழுந்து மடி தேடாது. கிடாவைத் தனியாகக் கட்ட இடமில்லாதவர்கள் அதன் அடிவயிற்றில் சாக்குத் துணி கட்டி விடலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதன் மகள்களையே அது சினைப்படுத்தும், குட்டிகள் சிறுத்துப்போகும்.

கிடா சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து பெட்டைக்குத் தினம் 200 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் பருவத்துக்கு வராமல் தங்கிப்போகும் ஆடுகள் குறையும். 100 கிலோ கலவைக்கு மக்காச்சோளம் அல்லது கம்பு 40 கிலோ, கடலைப்புண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்பு 2, சாதா உப்பு 1. மாட்டுக்கோ கோழிக்கோ வாங்கிய தீவனத்தைச் செம்மறிக்குத் தொடர்ந்து போடாதீர்கள். அதில் உள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் தங்கி விஷமாகும்.

குடற்புழு மருந்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கிடா சேர்த்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் கருவில் கோளாறு வரலாம், ஆகவே கிடா சேர்ப்பதற்கு முன்பே மருந்தைக் கொடுத்து முடியுங்கள். எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைவாக ஊற்றினால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். ஊற்றும்போது ஆட்டின் தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. முகம் தரைக்கு இணையாக இருக்கட்டும். இல்லையென்றால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். எந்த ஆட்டுக்கு மருந்து தேவை என்பதைக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தே சொல்லலாம். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தாடையில் நீர் கோத்துத் தொங்கினால் ஏற்கனவே தாமதம்.

மழைக்கு முன்னே துள்ளுமாரித் தடுப்பூசி போட்டாக வேண்டும். புதுமழைக்கு முளைத்த இளம்புல்லைக் காய்ந்த வயிற்றில் வாரித் தின்னும்போது குடலில் இருக்கும் கிருமி திடீரெனப் பெருகி நஞ்சு கக்குகிறது. முதலில் போவது நன்றாகக் கொழுத்த ஆடுதான். முதல் முறை போடும் ஆடுகளுக்கு இரண்டு, மூன்று வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் வேண்டும். நாலு மாதம் தாண்டிய குட்டிகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி. நீலநாக்குத் தடுப்பூசியையும் புரட்டாசி தாண்டவிடக் கூடாது. ஊசி மருந்தை ஐஸ் போட்ட பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். சட்டைப்பையில் வெயிலோடு வந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம்.

மழை பிடித்ததும் பட்டியை மேட்டுக்கு மாற்றி, தரையில் சரளை மண் கொட்டுங்கள். காலையில் பனி காய்ந்த பிறகே ஓட்டுங்கள். அதற்கு முன் புழுவின் குஞ்சுகள் ஈரப்புல்லின் நுனியில் ஏறி நிற்கும். குட்டை ஓரத்துப் புல்லைத் தவிர்க்க வேண்டும், அங்கே நத்தை வழியாக ஈரல் தட்டைப்புழு வரும். பொழுது சாய்ந்ததும் வேப்பந்தழை, நொச்சித்தழை மூட்டம் போடுவது வீண்வேலை இல்லை. நீலநாக்கைப் பரப்பும் பொடிப்பூச்சி கடிப்பது அந்தி முதல் விடியல் வரைதான். உதடு வீங்கி வாய் புண்ணான ஆட்டால் மேய முடியாது. அதை நிழலில் கட்டி, மருத்துவரை அழைத்து, கேழ்வரகுக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். குளம்பு இடுக்கு அழுகினால் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ ஜிங்க் சல்பேட் கரைத்து அதில் சில நிமிடம் நிற்க வையுங்கள்.

சினையின் கடைசி ஆறு வாரம் மீண்டும் 200 முதல் 250 கிராம் அடர்தீவனம். குட்டி விழுந்ததும் மூக்குச் சளியைத் துடைத்து, தொப்புள்கொடியை இரண்டு விரல் விட்டு நறுக்கி டிங்சர் அயோடின் தடவி, அரைமணிக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்காவது சீம்பால் உள்ளே போகட்டும். இரண்டரைக் கிலோக் குட்டிக்குக் கால் லிட்டர். நஞ்சுக்கொடி விழட்டும் என்று குட்டியைக் காக்க வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், குட்டி சப்பினால்தான் கொடியும் சீக்கிரம் விழும்.

கோடை எளிது. விடியலில் ஓட்டிப் பத்து மணிக்கு நிழலுக்குக் கொண்டுவந்து, மாலை நாலுக்கு மேல் மறுபடி ஓட்டலாம். பெரிய ஆட்டுக்குத் தினம் 4, 5 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். காய்ந்து வாடிய இளஞ்சோளத்தில் மட்டும் வாய் வைக்க விடாதீர்கள். அதிலுள்ள சயனைடு கொஞ்ச நேரத்தில் ஆட்டைச் சாய்த்துவிடும். கொறங்காடு என்னும் வேலியடைத்த மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களுக்கு வெள்வேல் மரத்தின் நெத்து உதிரும் காலமும் இதுதான். உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, தீவனத்துக்குச் சாக்கில் கட்டி வையுங்கள். ஆடு தின்ற நெத்தின் கொட்டை புழுக்கையோடு விழுந்து முளைக்கும். பட்டி போட்ட இடத்தில் அடுத்த மழைக்கு வரும் வெள்வேல் கன்றுகளைப் பிடுங்காமல் விட்டுவிடுங்கள்.